சிறிய அணு உலை: செட்டிநாடு கேட்க வேண்டியது உலையை அல்ல, பட்டறை வேலையை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய அணு உலைகள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரத்தில் இரண்டு கேள்விகள் கிளம்புகின்றன. நம் பக்கம் ஓர் உலை வருமா? வந்தால் எத்தனை பேருக்கு வேலை? முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்: வராது, வரவும் தேவையில்லை. இரண்டாவது கேள்விதான் தவறான இடத்தைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. உலை ஓடும் ஊரைவிட, உலைக்குச் சாமான் செய்யும் ஊர்களில்தான் வேலை அதிகம். அது நீடிப்பதும் அதிக காலம். அந்தச் சாமானில் ஒரு பங்கைச் செய்யும் ஆள்பலம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் இன்றைய நிலையில் நம் பட்டறைகளில் செய்த பொருளில் பெரும்பகுதியை அணுமின் தர ஆய்வாளர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஏன் என்பதையும் அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் அரசு சொல்லியிருப்பது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் சிறிய உலைகளின் ஆய்வு, மேம்பாட்டுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டிலேயே வடிவமைத்த குறைந்தது 5 உலைகள் 2033-க்குள் இயங்க வேண்டும். 2047-இல் அணுமின் திறன் 1,00,000 மெகாவாட்டை எட்ட வேண்டும். 2025-இல் இருந்தது ஏறக்குறைய 8,800 மெகாவாட். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும்.

"சிறிய உலை" என்ற ஒரே பெயரில் நான்கு வேறு சங்கதிகள் பேசப்படுவதால் குழப்பம் வருகிறது. பாரத் சிறிய உலை என்று சொல்லப்படுவது 220 மெகாவாட் கனநீர் உலை (சாதாரண நீருக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரைப் பயன்படுத்துவது). இது புதிய சரக்கே அல்ல; கல்பாக்கத்தில் 1984 முதல் ஓடும் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கர்நாடகத்தின் கைகாவில் இதே வகை உலை ஒன்று 2018 டிசம்பர் வரை 962 நாள் நிற்காமல் ஓடி உலக சாதனை படைத்தது. இரண்டாவது, 200 மெகாவாட் பாரத் சிறிய மாடுலர் உலை, அதாவது பகுதி பகுதியாக ஆலையில் செய்து இடத்தில் இணைப்பது. மூன்றாவது, 55 மெகாவாட் மாடுலர் உலை. இந்த இரண்டும் முதலில் மகாராஷ்டிரத்தின் தாராப்பூரில் கட்டப்பட இருக்கின்றன. நான்காவது, ஹைட்ரஜன் உற்பத்திக்காக விசாகப்பட்டினத்தில் திட்டமிடப்பட்டுள்ள 5 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட உயர்வெப்ப வாயு உலை. இந்தப் பின் மூன்று வகைகளும் இன்னும் வரைபடத்தைத் தாண்டி வெகுதூரம் வரவில்லை. பட்டறைக்காரருக்கு இன்று பொருள்படுவது முதல் வகை மட்டுமே, ஏனென்றால் அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் வரைபடமும் பழகிய சப்ளையர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

இது எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. 220 மெகாவாட் கனநீர் உலையில் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே மின்சாரமாகிறது. மீதி 500 மெகாவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தூக்கி எறிய வேண்டும். குளிர்கோபுரம் வைத்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர் ஆவியாவதன் மூலம் போகும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் வானத்துக்குப் போகும். உப்புச் சேராமலிருக்க வெளியேற்றும் நீரையும் கூட்டினால் இரண்டு கோடியை நெருங்கும். ஆவியாவதை மட்டும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் கொண்டுவந்தால் தினமும் 1,250 லாரி. ஊருணியையும் கண்மாயையும் நம்பி வாழும் செட்டிநாட்டில் இதைப் பேசுவதே வீண்.

கடற்கரைக்குப் போகலாமே என்பார்கள். தொண்டிப் பக்கம் பாக் நீரிணை ஆழம் குறைந்தது. கடல்நீரை உறிஞ்சி வெளியேற்றும் நிலையங்களில், திரும்ப விடும் நீரின் சூடு 7 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது என்பது விதி. ஆழமற்ற, நீரோட்டம் மந்தமான கடலில் அந்த வெந்நீர் சீக்கிரம் கலைந்து போகாது. அங்கே மீன்பிடிப்பவர்களின் வயிற்றில் அடித்து மின்சாரம் எடுக்க நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். இடமும் சும்மா கிடைக்காது. உலையைச் சுற்றி 1 கிலோமீட்டர் ஆரத்துக்குக் குடியிருப்பே இருக்கக்கூடாது என்ற விதியின்படி மட்டும் 314 ஹெக்டேர், நம் கணக்கில் 776 ஏக்கர், வேலிக்குள் போகும்.

தேவையும் இல்லை. 2024 இறுதியில் இந்திய அணுமின் கழகம் தனியார் ஆலைகளிடம் கேட்ட முன்மொழிவின் சாரம் இதுதான்: நிலமும் தண்ணீரும் பணமும் ஆலை தரும், உலையைக் கட்டுவதையும் ஓட்டுவதையும் கழகம் பார்த்துக்கொள்ளும், மின்சாரத்தை ஆலை எடுத்துக்கொள்ளும். எஃகு, அலுமினியம், பெரிய இரசாயன ஆலைகளுக்குப் பொருந்தும் ஏற்பாடு இது. செட்டிநாட்டில் 220 மெகாவாட் வாங்கும் ஒற்றை ஆலை கிடையாது.

நீராவியைப் பற்றியும் ஒரு சொல். "அணு உலை வெப்பத்தில் சிமெண்ட் சுடலாம், செங்கல் சுடலாம்" என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. கனநீர் உலை தரும் நீராவி 250 டிகிரி, ஏறக்குறைய 40 வளிமண்டல அழுத்தம். காகிதம், சாயம், சர்க்கரை, கடல்நீரைக் குடிநீராக்குதல் ஆகியவற்றுக்கு இது தாராளம். சுவிட்சர்லாந்தின் கோஸ்கன் அணுமின் நிலையம் 1979 முதல் பக்கத்து அட்டை ஆலைக்குக் குழாயில் நீராவி கொடுத்துவருகிறது. ஆனால் சிமெண்ட் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும், செங்கலுக்கு 900-க்கு மேல். சீனாவின் ஷிதாவ்வானில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்தி தொடங்கிய வாயு உலையிலேயே ஹீலியம் 750 டிகிரியில்தான் வெளிவருகிறது. ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்தக் கவலையே இல்லை. அதைச் சுடுவதே கிடையாது!

செலவுக் கணக்கில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. சிறிய உலையை ஆதரிப்பவர்களான நாங்களே அதைச் சொல்லிவிடுகிறோம். பெரிய இயந்திரங்களின் விலை, திறனுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. பொறியாளர்கள் கைக்கணக்காக 0.6 அடுக்கு என்று வைத்துக்கொள்வார்கள். 700 மெகாவாட் உலை 220-ஐப் போல 3.2 மடங்கு, 3.2-இன் 0.6 அடுக்கு ஏறக்குறைய 2. அதாவது இரண்டு மடங்கு பணத்தில் மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம். ஒரு மெகாவாட்டுக்குப் பார்த்தால் சின்ன உலை 1.6 மடங்கு விலை கூடியது. இதை ஈடுகட்ட ஒரே வழி, ஒரே வரைபடத்தில் வரிசையாக உற்பத்தி செய்வது. எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் விலை 10 சதவீதம் குறைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த 1.6 மடங்கைக் கரைக்க 20 உலைகளுக்கு மேல் கட்டியாக வேண்டும். அறிவித்திருப்பதோ ஐந்து, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில். அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் வடிவமைப்பில் ஐடஹோவில் வரவிருந்த 462 மெகாவாட் திட்டத்தில் மெகாவாட்-மணிக்கு 58 டாலர் என்று சொன்ன விலை 89 டாலருக்கு ஏறியது. 2023 நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. தொழில்நுட்பம் தோற்கவில்லை, போதிய எண்ணிக்கையில் ஆர்டர் சேரவில்லை.

அதனால்தான் சொல்கிறோம்: சிறிய உலையின் தொழில் பலன் என்பது வரிசை உற்பத்தியின் பலன். வரிசை இல்லையேல் பலனும் இல்லை.

இனி வேலை. நாட்டின் 24 உலைகளை ஓட்டி, புதியவற்றையும் கட்டிவரும் அணுமின் கழகத்தின் நிரந்தரப் பணியாளர்கள் எல்லோரையும் சேர்த்தாலே பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஒரு சிறிய உலையை ஓட்டச் சில நூறு பேர் போதும். அவர்களிலும் பலர் எங்கிருந்தோ தேர்வெழுதி வருபவர்கள். கட்டுமானக் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும்; கான்கிரீட் முடிந்ததும் கலைந்துவிடும். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரியமின் பூங்கா வந்தபோது பலகை பொருத்தக் கூடிய கூட்டம் இப்போது அங்கே இல்லை அல்லவா, அதே கதைதான். ஆண்டு முழுவதும் நிலைத்து நிற்பது சாமான் செய்யும் வேலை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே நல்ல அடித்தளம் உண்டு. மணவாளக்குறிச்சி மணலிலிருந்து சிர்கான் பிரிக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் சிர்கோனியம் ஆலை இருக்கிறது. எரிபொருள் குழாய்க்கு அந்த உலோகம்தான் மூலம். திருச்சி பெல் ஆலை உலைகளுக்கான நீராவி உருவாக்கிகளைச் செய்கிறது. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே. நம் மூக்குக்குக் கீழே திருமயத்தில் 2013-இல் திறக்கப்பட்ட பெல் குழாய்ப் பிரிவு இருக்கிறது. காரைக்குடியில் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953-இல் திறந்த நிறுவனம். அரசுப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எல்லாம் நடந்துபோகும் தூரம். இவற்றை இணைக்கும் சங்கிலியில் சிறு பட்டறை என்னும் கண்ணி மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

220 மெகாவாட் கனநீர் உலைக்குள் 306 குழாய்த் தடங்கள். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் நீள எரிபொருள் கட்டுகள் 12. ஆக 3,672 கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் 19 கம்பிகள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நாளுக்கு ஏழெட்டுக் கட்டு மாற்றுவார்கள். இவற்றைச் செய்வது ஐதராபாத் அணு எரிபொருள் வளாகத்தின் வேலை, நமக்கானது அல்ல. அழுத்தக் குழாய், எரிபொருள் மாற்றும் இயந்திரம், முதன்மைப் பம்பு இவற்றுக்கும் நாம் ஆசைப்பட வேண்டாம். நமக்கானவை கான்கிரீட்டில் புதையும் தகடுகள், குழாய்த் தாங்கிகள், கேபிள் தட்டுகள், காற்றுக் குழாய்கள், சிறு தொட்டிகள், கருவிக் குழாய் வரிசைகள், பம்புக்கான அடிச்சட்டங்கள். பெயர் சாதாரணமாக இருக்கும், எண்ணிக்கையோ ஆயிரக்கணக்கில்.

புதைதகட்டையே எடுத்துக்கொள்வோம். 12 முதல் 25 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு எம்.எஸ். (சாதா எஃகு) தகடு, பின்பக்கம் ஆணிகள் அல்லது கம்பிகள் வெல்டிங் செய்திருக்கும். கேட் செய்யும் பட்டறைக்கும் இது கைவந்த வேலைதானே என்று தோன்றும். தவறு எங்கே வருகிறதென்றால், ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக ஆணிகளைப் பற்றவைத்துக்கொண்டே போனால் தகடு படகு போல வளைந்துவிடும். வளைந்த தகடு, கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகையடைப்போடு ஒட்டாது, கான்கிரீட் பால் முகப்பில் ஏறும், பின்னால் அதில் தாங்கி பொருத்தும்போது அடியில் இடைவெளி நிற்கும். நடுவிலிருந்து வெளியே, எதிரெதிர்ப் பக்கமாக, இடம் விட்டு இடம் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் இரண்டு ஆணிகளைச் சுத்தியலால் 30 டிகிரி வளைத்துப் பார்க்க வேண்டும். பற்றுமிடத்தில் விரிந்தால் இயந்திரத்தின் அமைப்பு சரியில்லை என்று பொருள். இதை எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் செய்யவில்லை என்றே கணக்கு.

7018 என்னும் வெல்டிங் ராடைப் பற்றி எல்லா வெல்டர்களுக்கும் தெரியும். அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சும் என்பதும் தெரியும். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு மதியம் வரை அதிலேயே ஓட்டுவதுதான் வழக்கம். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், கனமான தகட்டில் 48 மணி நேரம் கழித்துக்கூட விரிசலாக வரும். அன்று மாலை பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் இதன் துரோகம். 300 முதல் 350 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு 120 டிகிரிப் பெட்டியில் வைத்து, தேவைக்கு மட்டும் எடுத்து எரிக்க வேண்டும். அடுப்பு வாங்கப் பெரிய பணம் வேண்டாம். அடுப்பின் வெப்பமானிக்கு அளவுத்திருத்தச் சான்று வைத்திருக்கும் பட்டறையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எஸ்.எஸ். (துருப்பிடிக்கா எஃகு) வேலையில் தவறுகள் இன்னும் நுட்பமானவை. எம்.எஸ். அறுத்த அதே கிரைண்டிங் வீலை எஸ்.எஸ். மேல் வைத்தால் இரும்புத் துகள் ஒட்டும், துருப்பிடிக்கும், அந்தத் துருவுக்கு அடியில் குழி விழும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலைத் தடவினால் நீலப்புள்ளி விழுந்து காட்டிக்கொடுக்கும். ஒரே கூரையின்கீழ் இரண்டையும் செய்தால் தூசியே போதும் கெடுக்க. 304 வகை எஸ்.எஸ்.-ஐ 425 முதல் 850 டிகிரிக்குள் அதிக நேரம் வைத்திருந்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோக நுண்மணிகளின் ஓரங்களில் படிந்து, துருவைத் தடுக்கும் சக்தி போய்விடும். ஆகவே ஒரு பாஸ் (வெல்டின் ஓர் அடுக்கு) முடிந்து அடுத்த பாஸ் போடும் முன் 150 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். அவசரப்படுத்தும் மேஸ்திரிதான் இங்கே முதல் எதிரி. குழாயின் உள்பக்கம் ஆர்கான் நிரப்பி ஆக்சிஜனைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறக்காமல் அடி அடுக்கான ரூட் பாஸைப் போட்டால், உள்ளே கருகிய சர்க்கரை மாதிரி வரும். வெளியே பளபளவென்றிருக்கும்.

குளோரைடு அடுத்த ஆபத்து. நம் பகுதியில் போர்வெல் தண்ணீரின் உவர்ப்பு எல்லோரும் அறிந்தது. அந்தத் தண்ணீரில் எஸ்.எஸ். குழாயை அழுத்தச் சோதனை செய்து, வெயிலில் காயவிட்டால், தண்ணீர் போகும், உப்பு நிற்கும். வெல்டின் இறுக்கத்தோடு குளோரைடு சேர்ந்தால் மாதங்கள் கழித்து மயிரிழை விரிசல். கனிமம் நீக்கிய நீர்தான் வேண்டும். சோதனை பொதுவாக வடிவமைப்பு அழுத்தத்தின் 1.25 மடங்கில் நடக்கும். அழுத்தமானியின் முழு அளவு சோதனை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும் நான்கு மடங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 10 கிலோ அழுத்தத்தை 100 கிலோ வரை காட்டும் அழுத்தமானியில் பார்த்தால், அழுத்தம் சிறிது குறைந்து முள் அசைவது கண்ணுக்கே தெரியாது. குறியிடும் பேனா, ஒட்டும் டேப் இவற்றில்கூடக் குளோரின் இல்லாத வகைதான்.

சாயம் தடவி விரிசலைக் கண்டுபிடிக்கும் டி.பி. டெஸ்டுக்கும் ஒரு வரம்பு: பொருளின் மேற்பரப்பு 5 முதல் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் திறந்தவெளியில் கிடக்கும் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். சாயம் ஊறுவதற்குள் காய்ந்துவிடும். அந்தச் சோதனை செல்லாது. சின்ன விஷயம்தான், லாரிச் சுமை பொருள் திரும்பி வருவதற்கு இது போதும்.

இவ்வளவும் கைவேலை. நம் ஆட்கள் கைவேலையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் 6ஜி நிலையில் (சாய்வாக நிறுத்திய குழாயைத் திருப்பாமல் சுற்றிலும் பற்றவைப்பது) குழாய் வெல்டிங் செய்பவர்களில் சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரத்துக்காரர்கள் நிறைய. பட்டறை விழுவது காகிதத்தில்தான்.

தகட்டை வெட்டும் முன் அதன் ஹீட் நம்பரை (எந்த உருக்கிலிருந்து வந்தது என்று ஆலை குத்தும் எண்) ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றிக் குத்த வேண்டும், ஆய்வாளர் முன்னிலையில். வெட்டியபின் குத்தினால் அது அனாதைத் துண்டு. எவ்வளவு நல்ல உலோகமானாலும் பழைய இரும்புக் கடைக்கு. எந்த வெல்டை எந்த வெல்டர், எந்த லாட் ராடால், எந்த நாளில் போட்டார். அவர் தகுதிச் சான்று அன்றைக்குச் செல்லுபடியா. ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாதிருந்தால் தகுதி தானே போய்விடும் என்பதைக் கவனித்தார்களா. இதெல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக நிற்க வேண்டும். எஸ்.எஸ்.-இல் கோபால்ட் எவ்வளவு என்பதும் அதில் வரும். ஏனென்றால் நியூட்ரான் பட்ட கோபால்ட், கதிர்வீசும் கோபால்ட்-60 ஆக மாறும்; அந்தக் கதிர் பிற்காலத்தில் பராமரிப்புக்குப் போகும் தொழிலாளியின் உடம்பில் படும். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று காசு காசாக எழுதிவைத்த மண் இது. ரங்கூனிலிருந்து வந்த கணக்கு இங்கே ஒரு அணா பிசகாமல் நின்றது. அதே பழக்கத்தை இரும்புத் துண்டுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ஆத்தங்குடிக் கல்லில் ஒன்றைப் போல் ஒன்று இல்லாதது அழகு. தாங்கிகளில் அது நிராகரிப்பு.

பணச் சுழற்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஆய்வாளர் வந்து கையெழுத்திடும் வரை அடுத்த வேலைக்குப் போகக்கூடாத கட்டங்கள் ஒவ்வொரு ஆர்டரிலும் இருக்கும். அவர் நான்கு நாள் தாமதித்தால் பொருள் மேசையிலேயே கிடக்கும், வட்டி ஓடும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாள்கணக்கு பொருளை ஏற்றுக்கொண்ட பிறகே தொடங்குகிறது. ஆகவே முதல் ஐந்தாண்டுக்கு அணுமின் வேலையை மொத்த வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் யோசனை. அதே தரத்தை அனல்மின், சுத்திகரிப்பு, மருந்து ஆலைகளும் நல்ல விலை கொடுத்து வாங்கும்.

விபத்து இழப்பீட்டில் சப்ளையர்மேல் திரும்ப வழிவகுத்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பல பட்டறைகளை மிரட்டிவந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்திருந்தாலோ வேண்டுமென்றே செய்திருந்தாலோ தவிர, அந்த வழியை அடைத்துவிட்டது. பட்டறைக்கு நிம்மதிதான். பொதுமக்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது சரியா என்பது வேறு கேள்வி. எங்களுக்குள்ளேயே அதில் ஒரே கருத்து இல்லை.

உலைகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் இளைஞர்களுக்கு ஒன்று. கதிரியக்கப் பகுதியில் இறங்கும் ஒவ்வொருவருக்கும், உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பட்டை உண்டு. தற்காலிகத் தொழிலாளிக்கு ஆண்டு வரம்பு 15 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கணக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிவகங்கை கிராஃபைட்டைப் பற்றி அடிக்கடி ஒரு ஆசை கிளப்பப்படுகிறது. வாயு உலைக்கு கிராஃபைட் வேண்டும், நம்மிடம் சுரங்கமே இருக்கிறது, பிறகென்ன என்பார்கள். உலையின் உட்சுவராக நிற்கும் கிராஃபைட் பெட்ரோலியக் கோக்கிலிருந்து செயற்கையாகச் செய்வது. சுரங்கக் கல்லைச் செதுக்கி வைப்பதில்லை. ஆனால் வாயு உலைக்கான உருண்டை வடிவ எரிபொருளில், எரிபொருள் துகள்களைப் பொதிந்து வைக்கும் மாவில் கதை வேறு. ஜெர்மானியர்கள் உருவாக்கிய கலவையில் 64 சதவீதம் இயற்கை கிராஃபைட், 16 சதவீதம் செயற்கை, 20 சதவீதம் ஃபீனாலிக் பிசின். அந்த 64-க்கு நம் செதில் கிராஃபைட் தகுதி பெறுமா என்பது போரானைப் பொறுத்தது. போரான் நியூட்ரான்களை விழுங்கிவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே கணக்குப் பார்ப்பார்கள். மிக உயர்ந்த வெப்பத்தில் சுத்திகரித்தால்தான் அது இறங்கும். தமிழ்நாடு கனிம நிறுவனமும் சிக்ரியும் சேர்ந்து சில கிலோ மாதிரியைச் சுத்திகரித்துச் சோதித்துப் பார்க்கலாம். பெரிய செலவில்லை. வேலைவாய்ப்பு என்று இப்போதே கணக்கில் எழுத வேண்டாம்.

சிக்ரியால் உடனே ஆகக்கூடிய உதவி துருவில்தான். கனநீர் உலையில் தண்ணீர் பாயும் கார்பன் எஃகு ஊட்டுக் குழாய்களின் வளைவுகள் நாளடைவில் உட்புறம் தேய்ந்து மெலிவது தெரிந்த நோய். எஃகில் குரோமியம் 0.2 சதவீதமாவது இருந்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. வாங்கும் குழாயில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் போதும். கடற்கரைக் கான்கிரீட்டுக்கான கம்பிப் பூச்சிலும் சிக்ரிக்குப் பழைய அனுபவம் உண்டு.

நாங்கள் கேட்பது இதுதான். காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் இடையில், மத்திய அரசின் சிறு, குறு தொழில் தொகுப்புத் திட்டத்தின்கீழ் ஒரு பொதுச் சோதனை மையம். அதில் ஸ்பெக்ட்ரோமீட்டர், இழுவிசை, தாக்குவிசை இயந்திரங்கள், அல்ட்ராசோனிக் கருவிகள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் பெற்ற எக்ஸ்ரே அறை, மீட்டர் அளவுத்திருத்தம், கனிமம் நீக்கிய நீர், எஸ்.எஸ்.-க்கு மட்டுமான மூடிய கூடம். வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே உட்காரும் ஆய்வாளர். ஐடிஐ வெல்டர்களுக்கு 6ஜி தகுதி, பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சிதைக்காச் சோதனையில் (பொருளை உடைக்காமல் குறை கண்டுபிடிப்பது) இரண்டாம் நிலைச் சான்று. அணுமின் கழகமும் பெல் நிறுவனமும் எந்தப் பொருள், எத்தனை, எந்த ஆண்டில் என்று மூன்றாண்டுப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். சிறிய உலைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கூடங்குளத்தில் 3 முதல் 6 வரையிலான அலகுகளும், வடக்கே 700 மெகாவாட் உலைகளும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. புதைதகடும் தாங்கியும் அங்கேயும் வேண்டும்.

மையத்துக்கு அனுமதியும் நிதியும் வர எப்படியும் இரண்டு ஆண்டு ஆகும். ராடு அடுப்பும், தனி கிரைண்டிங் வீலும், ஹீட் நம்பர் எழுதும் நோட்டும், வெயில் படாத கூரையும் அடுத்த சித்திரைக்கு முன்பே வந்துவிடலாம். அதற்கு டெல்லியில் கோப்பு நகர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அணுமின், வெல்டிங், தரச்சோதனைத் துறைப் பொறியாளர்கள் சிலர்,
காரைக்குடி